கேக்கின் மூன்றாவது வரி

கணித மேதை கிளிம் சவேலியெவிச் வோல்கா கரைப் படகோட்டி ஒருவரின் மகன். இளம் வயதிலேயே ஒரு பெரிய தேற்றத்தை நிறுவினார். பேராசிரியர் பதவி, பதக்கம், பேர் எல்லாமே அதனால் வந்தவைதான். ஆனால் மனுஷனுக்குத் தலைக்கனம் என்பது மருந்துக்கும் கிடையாது. மாணவர்கள் குறுக்கே பேசி மல்லுக்கு நிற்கவேண்டும் அவருக்கு. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு அவர் வகுப்பில் தேநீரே கிடையாது!

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மாணவர்கள் பெரிய கேக் கொண்டுவந்தார்கள். அந்தத் தேற்றத்தை அவர் நிறுவிய விதத்தை, வரி வரியாக, அதன்மேல் க்ரீமில் எழுதியிருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவருடைய செல்ல மாணவி ரயீசா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என்னம்மா, ஒரு வாரமா என்னோட சண்டையே போடலை? உனக்கு உடம்பு சரியில்லையா, இல்லை என் கணக்கு சரியில்லையா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னிக்கு வேண்டாமே, கிளிம் சவேலியெவிச்."

"இன்னிக்கேதான். சொல்லு."

"மூணாவது வரி. 'இது வெளிப்படை'ன்னு எழுதிட்டு, நிறுவாம தாண்டிட்டீங்க. அது எப்பவும் உண்மையில்லை."

அவர் காதருகே வந்து ஓர் உதாரணம் சொன்னாள். அவர் கை துடைக்கும் காகிதத்தில் அதைப் போட்டுப் பார்த்தார். அடித்துவிட்டு மறுபடியும் போட்டார்.

"போச்சு," என்றார். "மூணாவது வரி போனா, மொத்தமும் போச்சு."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"நான் வாயையே திறந்திருக்கக் கூடாது," என்று அழுதாள் ரயீசா. "வாழ்நாள் உழைப்பு! இப்ப என்ன செய்யப்போறீங்க?"

அவர் கத்தியை எடுத்து, மூன்றாவது வரியை மட்டும் நேராக வெட்டித் தன் தட்டில் வைத்துக்கொண்டார். யாரோ பங்கு கேட்பதுபோல் கை நீட்டினார்கள்.

"கையை எடு. என் தப்பு, நான்தான் சாப்பிடணும்."

ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். மீசையில் ஒட்டிய க்ரீமைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியை ரயீசா பக்கம் இழுத்துப் போட்டார்.

"உட்காரு. பேப்பர் எடு. இனிமே எனக்கு என்ன வேலை இருக்குன்னு காலையிலேர்ந்து கவலைப்பட்டுட்டு இருந்தேன்."