வானவில்லுக்கு ஒரு கறுப்பு வெள்ளைக் கேமரா

வாயைத் திறக்கும்போதே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கோமளவல்லிக்குப் பயம். எட்டாவதோடு படிப்பு நின்றவள். மலைமேல் இருந்த வானியல் சங்கத்தில், நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் படம் எடுக்கும் பொறுப்பைச் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். அதற்குக் கேமரா வேண்டும். ஒன்றுதான் வாங்குவார்கள். எது என்று நாளைக் கூட்டத்தில் அவள்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பொறுப்பு சங்கத்து இளைஞன் வசந்தனுக்குப் போய்விடும்.

இதைக் கற்றுக்கொடுக்கும் குருவோ அவளைவிடப் பத்து வயது சின்னவள். எல்லோருக்கும் மெஹர் டீச்சர்.

"கலர் கேமராதானே டீச்சர்? பிரிக்கப்போறது நிறம். கறுப்பு வெள்ளை வாங்கினா, கண்ணைக் கட்டிக்கிட்டுப் புடவை எடுத்த மாதிரி ஆயிடும்."

டீச்சர் ஒளி பிரிக்கும் கருவியைச் சாய்ந்த வெயிலுக்குத் திருப்பினாள். வெள்ளைச் சுவரில், ஜன்னல் பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக, வானவில் பட்டை விரிந்தது.

மேசை டிராயரிலிருந்து சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித்தாள் துண்டுகளை எடுத்து நீட்டினாள். "பட்டை மேல மாத்தி மாத்தி ஒட்டுங்கக்கா."

ஒட்டினாள். நீல ஒளி விழுந்த இடத்தில் சிவப்புத் தாள் கறுத்துப்போயிற்று. சிவப்பு விழுந்த இடத்தில் நீலத் தாள்.

"ஐயோ, எலி கடிச்ச துணி மாதிரி ஆயிடுச்சே!"

"கலர் கேமராவுல ஒளியை வாங்குற சென்சார்ல ஒவ்வொரு புள்ளி மேலயும் இப்படி ஒரு தாள் இருக்கு. உரிக்க முடியாது. கறுப்பு வெள்ளையில அது கிடையாது."

கோமளவல்லி அவசரமாக எல்லாவற்றையும் பிய்த்து எடுத்தாள். பட்டை முழுசாகத் திரும்பி வந்தது.

"சரி டீச்சர். கறுப்பு வெள்ளையில எது சிவப்புன்னு எப்படித் தெரியும்?"

"கண்ணை மூடுங்க."

மூடினாள். டீச்சர் அவள் விரலைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். "இது என்ன நிறம்?"

"சிவப்பு."

"பார்த்தீங்களா?"

"இல்ல. ஜன்னல் பக்கத்து ஓரத்துல விரல் இருக்கு. அங்க சிவப்புதானே… அட, இடமே நிறத்தைச் சொல்லிடுதே!"

இருட்டியதும் வசந்தன் இரண்டு கேமராக்களையும் இரவல் வாங்கி வந்தான். "இன்னும் கலர்தானா கோமளாக்கா?" என்று சீண்டினான்.

ஒரு வருஷமாகச் சங்கத்துக்குச் சிக்காத ஒரு மங்கல் நட்சத்திரத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். நட்சத்திரத்தைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு ஒளிர்ந்தால் சிவப்பில் ஓரிடம் பளிச்சென்று தெரிய வேண்டும். கலர் கேமராவில் திட்டுத்திட்டாக ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். கறுப்பு வெள்ளையில் நீளமான சாம்பல் கோடு. அதில் சிவப்பின் இடத்தில், வெள்ளையாக, சோளப்பொரி வெடித்த மாதிரி ஒரு பொட்டு.

"ஹைட்ரஜன்! டேய் வசந்தா, ஹைட்ரஜன்டா!"

"அவசரப்படாதீங்க. சென்சார்ல சில புள்ளி ஒளி படாமலே வெள்ளையா எரியும்" என்றான் வசந்தன்.

அவள் திரும்பினாள். "டீச்சர், அது நட்சத்திரம்தானே?"

டீச்சர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கோமளவல்லி தொலைநோக்கியின் வாயை மூடிபோட்டு இறுக்கினாள். அதே கேமராவில், அதே நேர அளவில், இன்னொரு படம் எடுத்தாள்.

திரை முழுக்கக் கறுப்பு. பொட்டு இல்லை. அப்படியென்றால் அது சென்சாரின் கோளாறு இல்லை, நட்சத்திரத்தின் ஒளிதான்.

வசந்தன் கையெடுத்துக் கும்பிட்டான். "நாளைக்குக் கூட்டத்துல உங்களுக்காகத் தூக்குற முதல் கை என்னோடதுதான்க்கா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல டீச்சர். பயம். அதான் மூடிப் பார்த்துட்டேன்."

டீச்சர் டீயை அவள் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பயத்தை எங்கேயும் விட்டுட்டு வந்துடாதீங்கக்கா. சங்கத்துக்கு வேணும்."