தார்ன்லோவில் உழவுச் சால் வளைந்த கதை

மாடுகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இங்கிலாந்தில் தார்ன்லோ என்றொரு சிற்றூர் இருந்தது. இருபது வீடு, ஒரு தேவாலயம், ஓர் ஓடை, அவ்வளவுதான் ஊர். நிலமெல்லாம் கெட்டிக் களிமண். நம் ஊர்போல ஒரு ஜோடி மாட்டைக் கட்டி உழுதுவிட முடியாது. எட்டு மாடுகளை நான்கு ஜோடியாக வரிசையில் பூட்டினால்தான் கலப்பை நகரும்.

அந்த ஏரை ஓட்டியவன் ஓஸ்வின். நல்ல உழைப்பாளி, வீம்பும் அதே அளவு. ஓடைக்கரை வரைக்கும் அவன் போடும் சால் கயிறு பிடித்தாற்போல் நேராக இருக்கும். பின்னால் வரும் கலப்பை கரையைத் தொடுவதற்குள் முன்ஜோடி மாடுகள் ஓடைக்குள் இறங்கியிருக்கும். வறண்ட நாளில் தண்ணீர் குளம்பளவுதான் என்பதால் அங்கேயே திரும்பிக்கொள்ளும்.

முன்ஜோடியின் பெயர் கிரிம், ரூன். ஒரே தொழுவில் பிறந்து ஒரே நுகத்தில் வளர்ந்தவை.

ஒரு வருஷம் பத்து நாள் அடைமழை. மழை விட்டதும் ஓஸ்வின் ஏர் பூட்டினான். கரைக்குச் சற்று முன்பே கிரிம் நின்றுவிட்டது.

"ஐயா, கரை ஊறிக் கிடக்கு. கால் வச்சா சரிஞ்சிடும். இங்கேயே இடப்பக்கம் ஒதுங்கித் திரும்பிக்கிறோம்."

"சால் கோணலாயிடுமே! அக்கரையில ஏர் ஓட்டுற காட்ரிக் பார்த்தான்னா ஊர் பூராச் சொல்லிச் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு. ரூனுக்கு நேத்துலேருந்து முழங்கால் வீக்கம்."

பின்னால் மண்கட்டி உடைத்துக்கொண்டு வந்த ஓஸ்வினின் மனைவி ஹில்டாவும் சொன்னாள்: "அது சொல்றதைத்தான் கேளுங்களேன். தண்ணிக்குள்ள இறங்கப்போறது நீங்களா?"

"மாடு பாடம் நடத்துது, நீ தலையாட்டுறே!" ஓஸ்வின் முன்னால் போய்த் தார்க்கோலால் கிரிமின் விலாவில் குத்தினான்.

மாடுகள் நடந்தன. கரை சரிந்தது. ரூன் முதலில் விழுந்தது. நுகம் அதன் கழுத்தை வெள்ளத்துக்குள் அழுத்தியது. ஓஸ்வின் குதித்து, கத்தியால் நுகத்தின் வாரை அறுத்தான். கிரிம் எழுந்தது. ரூன் எழவில்லை.

ஓஸ்வின் சேற்றில் உட்கார்ந்து அழுதான். "தப்புப் பண்ணிட்டேன், கிரிம். நாலு வார்த்தை திட்டிடு."

"சொல்ல வேண்டியதை முன்னாடியே சொன்னேனே, ஐயா. வாய் இருந்தும் ரூனைக் காப்பாத்த முடியல. இனிமே அது எனக்கு எதுக்கு?"

அதுதான் கிரிம் கடைசியாகப் பேசியது. மற்ற ஆறு மாடுகளும் வாயை மூடிக்கொண்டன. தொழுவம் தொழுவமாகச் செய்தி போனது. ஊரில் எந்த மாடும் பிறகு பேசவில்லை.

நான்கு நாள் கழித்து வேறொரு மாட்டை இணைகூட்டி ஓஸ்வின் ஏர் பூட்டினான். கரை நெருங்கியதும் கிரிம் யாரையும் கேட்காமல் இடப்பக்கம் ஒதுங்கியது. ஓஸ்வின் தார்க்கோலைக் கீழே போட்டுவிட்டு அதன் பின்னாலேயே போனான். சால் வில்போல் வளைந்தது. அக்கரையிலிருந்து பார்த்த காட்ரிக், மறுநாள் தன் ஏரையும் அப்படியே திருப்பினான்.

அன்று முதல்தான் தார்ன்லோவில் சால்கள் ஓடையருகே வளையத் தொடங்கின. இப்போது அங்கே உழவு நடப்பதில்லை. புல் மூடி ஆடு மேய்கிறது. ஆனாலும் சாய்ந்த வெயிலில் அந்த வளைவுகள் மேடும் பள்ளமுமாகத் தெரியும். மாடு நடுச்சாலில் நின்றுவிட்டால், ஏன் என்று போய்ப் பார்ப்பது மனிதன் வேலையானதும் அன்று முதல்தான்.