புகை குறைத்தவருக்கு ஒரு கேடயம்

நுரையீரல் மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் அந்த முறை புதிதாக ஒரு கேடயம் வைத்தார்கள். மாநாட்டால் காற்றில் சேரும் கரிப்புகையை யார் அதிகம் குறைத்தாரோ, அவருக்கு அது. அளந்து சொல்லும் பொறுப்பு உதவிப் பேராசிரியர் தமயந்தி தலையில் விழுந்தது. வேறு யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை.

மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள்.

சங்கத் தலைவர் கோதண்டம் மண்டபத்தில் பிளாஸ்டிக் பாட்டிலை ஒழித்து, வாழையிலையில் சாப்பாடு போட்டவர். தமயந்தியின் துறைத் தலைவரும் அவரே.

செயலாளர் ஜேசுராஜ், ஜெர்மன் நிபுணர்கள் இருவரை வரவழைக்காமல் அவர்கள் பேச்சைத் திரையில் காட்டினார். அதைப் பதிவு செய்ய அவரும் நண்பர்கள் மூவரும் போன மாதம் ஜெர்மனி போய் வந்தார்கள்.

மூன்றாமவர் மதுரை மருத்துவர் ஹசீனா. கொடைக்கானல் விடுதியில் நடக்கவிருந்த மாநாட்டைச் சண்டை போட்டுத் திருச்சிக்கு, ரயிலடிக்கு எதிரிலேயே மாற்றினார். விமானமும் காருமாக மலையேற இருந்த நானூறு பேரில் பெரும்பாலோர் ரயிலில் வந்து இறங்கினார்கள். மலைக்குளிர் போன கடுப்பில் பலர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூச்சுத் திணறிய நோயாளியை விட்டு வரமுடியாமல் ரயிலைத் தவறவிட்ட ஹசீனா மட்டும் தனியாகக் காரில் வந்தார்.

மேடைக்குப் பின்னால் மூவரும் மோதிக்கொண்டார்கள்.

"ஊருக்கெல்லாம் ரயில், உங்களுக்கு மட்டும் காரா?" என்றார் ஜேசுராஜ்.

"நீங்கள் ஜெர்மனிக்கு நடந்தா போனீர்கள்?" என்று ஹசீனா திருப்பிக் கேட்டார்.

கோதண்டம் தமயந்தி பக்கம் திரும்பினார். "பயணம் அவரவர் சொந்த விஷயம். மண்டபத்துக்குள் நடந்ததை மட்டும் எடுத்துக்கொள். திங்கட்கிழமை நீ என் துறைக்குத்தான் வரவேண்டும்."

தமயந்தி அளந்த புகையில் பெரும்பங்கு போக்குவரத்தால் வந்ததுதான். மேடையில் அவள் பெயரை அழைத்துவிட்டார்கள்.

நீங்களே சொல்லுங்கள்: அவள் யார் பெயரைச் சொல்வது நியாயம்?

விடை: ஹசீனாவின் பெயரை. பாட்டிலும் இலையும் நல்லவைதான், ஆனால் குறைத்தது கொஞ்சம். இருவர் பயணத்தை நிறுத்திவிட்டு நால்வராகப் பறந்த ஜேசுராஜ் எதையும் குறைக்கவில்லை. அத்தனை பேர் மலையேறாமல் மிச்சமான புகைக்கு முன்னால் ஹசீனாவின் ஒற்றைக் கார் ஒன்றுமே இல்லை. தமயந்தி அதைத்தான் சொன்னாள். ஹசீனா கேடயத்தை வாங்கியபோது இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். அடுத்து மைக்கைப் பிடித்த கோதண்டம், வரும் ஆண்டு மாநாடு பாலித் தீவில் என்று அறிவித்தார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.