மூன்றாகப் பிரிந்த ஒரே பாட்டு

காட்டுக்கு நடுவே ஒரு மடு. அந்த மடுவுக்குள் ஒரு முதலை. அவருக்கு மடுவரசர் என்று பெயர். கோடை வந்தால் காட்டிலுள்ள குட்டையெல்லாம் வற்றிப்போகும், இந்த மடு மட்டும் வற்றாது. அதனால் மடுவரசர் இரை தேடி எங்கும் அலைவதில்லை. வாயைத் திறந்துவைத்துப் படுத்திருப்பார். தாகம் எடுத்தவர்கள் தாங்களாகவே வந்து சேருவார்கள்.

அந்தக் கரையில்தான் வெடுக்கி என்ற கீரி குடியிருந்தாள். ஒரு நாகத்தோடு மல்லுக்கட்டிப் பிடித்த வளை அது. பேரம் பேச அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏமாந்து, அடிபட்டு, பட்டினி கிடந்து கற்றுக்கொண்டது. மூக்கு நுனியில் எப்போதும் கோபம். குரங்கிடம் ஒரு நாவல்பழம் கேட்கப் போனால் ஒரு கொத்தோடு திரும்புவாள், போதாததற்குக் குரங்கைத் திட்டிவிட்டும் வருவாள்.

ஒரு நாள் கரிச்சான் குருவி சிங்காரி பறந்து வந்து உட்கார்ந்தாள். கேட்ட சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிப் பாடுகிறவள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து புதுசாக ஏதோ வந்தது. "ட்யூங்... ட்யூங்... வ்வாவ்!"

"என்னடி, வயிறு சரியில்லையா?" என்றாள் வெடுக்கி.

"போக்கா. இதுக்குப் பேரு கீபோர்டு. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வந்திருக்கு. ஒரு தம்பி சும்மா பெட்டியைத் தட்டுறான், பெட்டி இப்படிப் பாடுது."

பக்கத்தில் பட்டுப்போன இலவமரத்தில் மரங்கொத்தி கொண்டையன் புழு தேடிக் கொத்திக்கொண்டிருந்தான். டொக்கு டொக்கு டொக்கடி டொக்கு. அந்தத் தாளம் சிங்காரியின் சத்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீருக்குள் கிடந்த தவளை தொந்தியப்பனுக்கு அதைக் கேட்டதும் தொண்டை அரித்தது. தலையை நீட்டிப் பாடினான்:

"ஜிலுஜிலு தண்ணி, ஜிலுஜிலு தண்ணி,
தாகமா வந்தவன் தாராளமாக் குடி!"

பாட்டில் அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பிப் பாடினார்கள். முயல் ஆடியது. முள்ளம்பன்றி ஆடியது, பக்கத்தில் நின்றவர்கள் தள்ளிப்போய் ஆடினார்கள். ஆனால் வெடுக்கி ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது மடுவரசரை. அவர் கண் சொக்கியது. வாய் மூடியது. குறட்டை கேட்டது. அவர் மூக்குக்கு எதிரேயே ஒரு புள்ளிமான் தண்ணீர் குடித்துவிட்டு முழுசாகத் திரும்பிப் போனது.

பாட்டு முடிந்து அவர் விழித்ததும் வெடுக்கி நேரே போனாள்.

"பாட்டு எப்படிங்க இருந்துச்சு?"

"முட்டைக்குள்ள படுத்துக் கிடந்த மாதிரி இருந்துச்சு" என்றார் முதலை. "இப்படித் தூங்கி எவ்வளவோ நாளாச்சு."

"தினமும் அந்தியில பாடச் சொல்றேன். பாட்டு நடக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது, யார் வந்து குடிச்சாலும்."

"அப்போ என் சாப்பாடு?"

"மடுவுல மீன் இல்லையா? கெளுத்தியும் விராலும் உங்க முதுகு மேலயே விளையாடுது. மான்தான் வேணும்னு யார் சொன்னா? இந்த வயசுல செரிக்கணுமே."

மடுவரசர் யோசித்தார். "சரி, ஒத்துக்கிறேன். பாட்டு நின்னுபோச்சுன்னா?"

இந்த இடத்தில் வெடுக்கி கொஞ்சம் நிதானித்திருக்கலாம். ஆனால் பேரம் முடிகிற நேரத்தில் எவனாவது சந்தேகப்பட்டால் அவளுக்கு ஆகவே ஆகாது.

"நின்னா முதல் வாய்க்கு நானே வர்றேன், போதுமா?" என்று கத்திவிட்டாள்.

"போதும்" என்றார் முதலை.

அன்றிலிருந்து காடு மாறியது. அந்தி சாய்ந்தால் பாட்டு; பாட்டு கேட்டால் தண்ணீர். 'மடுச் சத்தம்' என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். கொண்டையன் புரச மரத்துப் பூவைத் தேய்த்துக் கொண்டையை இன்னும் சிவப்பாக்கினான். அதைப் பார்த்துக் குருவிக் குஞ்சுகளெல்லாம் தலைமயிரைச் சிலுப்பிக்கொண்டு திரிந்தன. ஒரு முயல் தன் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஜிலு என்றே பெயர் வைத்துவிட்டு, கூப்பிட்டால் எது வரும் என்று தெரியாமல் திண்டாடியது.

ஒரே பாட்டையே எத்தனை நாள் பாடுவது? தொந்தியப்பன் புதிதாக ஒன்று கட்டினான். 'சேற்றில் நான் தனியே' என்று ஆரம்பிக்கும் சோகப் பாட்டு. முதல் வரி முடிவதற்குள் காட்டெருமை குரல் கொடுத்தது.

"அதெல்லாம் வீட்டுல போய் அழு. ஜிலுஜிலு பாடுப்பா!"

கொண்டையன் பாட்டே இல்லாமல் வெறும் தாளம் ஒன்று போட்டான். "மரத்துல என்ன, கதவு மாட்டுறியா?" என்றது ஒரு குரங்கு. சிங்காரி லாரி ஹாரன் சத்தத்தைப் பழகிக்கொண்டு வந்தாள். பாதிக் கூட்டம் சாலை வந்துவிட்டதென்று நினைத்து ஓடிப்போனது.

தங்கள் சரக்கு விலைபோகவில்லை என்றதும் மூவருக்கும் கோபம் வந்தது. கூட்டத்தின் மேல் அதைக் காட்ட முடியாது. அதனால் ஒருவர் மேல் ஒருவர் காட்டினார்கள்.

"வார்த்தை என்னோடது. நான் இல்லாட்டி அது பாட்டா?" என்றான் தொந்தியப்பன்.

"உன் வாய்ல இருக்கிறது ரெண்டு வரிடா. என் தாளத்துக்குத்தான் காலு ஆடுது" என்றான் கொண்டையன்.

"தாளமாம். புழு தேடினவன்தானே நீ?" என்றாள் சிங்காரி. "இந்தச் சத்தத்தைக் காட்டுக்குக் கொண்டாந்தவ யாரு?"

கடைசியில் மூவரும் வெடுக்கியிடம் வந்தார்கள். பாட்டைப் பிரித்துக் கொடு என்றார்கள்.

இங்கேதான் வெடுக்கி கோட்டை விட்டாள். எதையும் பேசிப் பிரித்துவிடலாம் என்பது அவள் திமிர். செத்த எலியைப் பிரித்திருக்கிறாள், மாம்பழத்தைப் பிரித்திருக்கிறாள், இரண்டு குரங்குக் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஆலமரத்தையே கிளை கிளையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். பாட்டு என்ன பெரிய பாட்டு?

"வார்த்தை தவளைக்கு. தாளம் மரங்கொத்திக்கு. கீபோர்டு சத்தம் கரிச்சானுக்கு. ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் தொடக் கூடாது. ஆளாளுக்கு அந்தியில உங்க பங்கைப் பாடிட்டுப் போங்க, முதலைக்குப் பாட்டு நடந்த கணக்கும் ஆச்சு."

மூவரும் தலையாட்டினார்கள். தன் சாமர்த்தியத்தை நினைத்து வெடுக்கிக்கே பெருமையாக இருந்தது.

அந்தி வந்தது. மேல்கரையில் தொந்தியப்பன் 'அசல் மடுச் சத்தம்' என்று அறிவித்துவிட்டு, தாளம் இல்லாமல் ஜிலுஜிலு என்று கத்தினான். தொண்டை கட்டியவன் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்பது போல இருந்தது. அவன் ஓய்ந்ததும் கீழ்க்கரையில் கொண்டையன் 'உண்மையான அசல் மடுச் சத்தம்' என்று சொல்லிக் கொத்த ஆரம்பித்தான். அவனும் ஓய்ந்ததும், 'மடுச் சத்தம் என்றாலே நான்தான்' என்று சிங்காரி ட்யூங் என்றாள். ஓணான் ஒன்று மட்டும் தலையை ஆட்டியது. அது எப்போதும் ஆட்டுவதுதான்.

மடுவரசர் தூங்கவில்லை. பாட்டு என்று நம்பித் தண்ணீருக்கு இறங்கிய மான்குட்டியின் மேல் பாய்ந்தார். மயிரிழையில் தப்பியது. அதன் வால் மயிர் கொஞ்சம் அவர் பல்லில் இருந்தது. அவ்வளவுதான், கரை காலியாகிவிட்டது.

"கீரியம்மா" என்று கூப்பிட்டார் முதலை. "பாட்டு நின்னுபோச்சு. நாளைக்கு அந்தியில வந்துடு. நீ சொன்ன சொல்லுதான்."

மறுநாள் முழுக்க ஒரு உயிர்கூடத் தண்ணீருக்கு இறங்கவில்லை. வெடுக்கி மூன்று பேரிடமும் அலைந்தாள்.

"பாடுறேன்கா" என்றான் தொந்தியப்பன். "ஆனா என் பேரைத்தான் முதல்ல சொல்லணும்."

"என் பேரைத்தான் முதல்ல சொல்லணும்" என்றான் கொண்டையன்.

"பேரெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றாள் சிங்காரி. வெடுக்கிக்கு உயிர் வந்தது. "அந்த ரெண்டு பேரும் இல்லாம இருந்தா போதும்." வந்த உயிர் போனது.

"நாசமாப் போங்க. பங்குதானே கேட்டீங்க, வச்சுக்கிட்டுப் பொங்கித் தின்னுங்க!" என்று திட்டிவிட்டு வந்தாள்.

ஓடிப்போயிருக்கலாம். காட்டில் வழியா இல்லை? ஆனால் சொன்ன சொல்லை மாற்றினவளிடம் அப்புறம் யார் பேரம் பேசுவார்கள்? அதைவிட, தாகத்தில் நாக்கு ஒட்டிக் கிடக்கிறவர்களை விட்டுவிட்டுப் போக மனசும் வரவில்லை. அந்தியில் தண்ணீரோரம் போய் நின்றாள்.  பயத்தை மறைக்க இன்னும் நிமிர்ந்து நின்றாள்.

வேடிக்கை பார்க்கக் காடே தூரத்தில் கூடியிருந்தது. கொண்டையன் இலவமரத்தில் இருந்தான். சிங்காரி காட்டெருமையின் முதுகில் உட்கார்ந்திருந்தாள். தொந்தியப்பன் பாசிக்குள் கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தான். மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முதலை வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் வெடுக்கி. "என்னைத் திங்கலாம்னுதான் பேச்சு. எந்தப் பக்கத்துல இருந்துன்னு பேசலையே."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

"அதெப்படி? வால் பக்கமா ஆரம்பிச்சா மயிர் தொண்டையில சிக்கும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. தலைப் பக்கமா ஆரம்பிச்சா நான் கடிப்பேன். நாகத்தையே கடிச்சவ நான். உங்க நாக்கு ரொம்ப மெத்துன்னு இருக்குங்க."

மடுவரசர் வாயை மூடிக்கொண்டு யோசித்தார். "நடுவுல?"

"நடுவுலன்னா ரெண்டு துண்டா விழுவேன். ஒண்ணு தண்ணியில போயிடும். பாதிக் கீரிக்கா இவ்வளவு பேச்சு பேசினோம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மேலே கொண்டையனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய வால் நுனி நடுங்குவது அவனுக்கு அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அவனுக்குப் பயம் வந்தால் அலகு சும்மா இருக்காது. டொக்கு டொக்கு என்று தன்னால் அடிக்க ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் காதில் விழுந்தால் சிங்காரிக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. "ட்யூங்" என்றாள்.

தொந்தியப்பன் பல்லைக் கடிக்கப் பார்த்தான். தவளைக்குக் கடிக்கிற அளவுக்குப் பல் ஏது? "ஜிலுஜிலு தண்ணி..." என்று வந்தே விட்டது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பாடினார்கள். முகம் பார்க்காவிட்டால் என்ன, பாட்டு ஒன்றாகத்தான் இருந்தது. மடுவரசரின் கண் சொக்கியது. "தலைப் பக்கமா..." என்று ஏதோ சொல்ல வந்தவர் பாதியில் குறட்டை விட்டார்.

"எதுக்கு நிக்கிறீங்க? குடிங்க, தாயீ, குடிங்க!" என்று வெடுக்கி மான்கூட்டத்தை அதட்டினாள். மான், பன்றி, எருமை எல்லாம் வந்து வயிறு முட்டக் குடித்தன.

பாட்டு முடிந்ததும் சண்டை மறுபடி ஆரம்பமானது.

"முதல்ல ஆரம்பிச்சவன் நான்" என்றான் கொண்டையன்.

"வார்த்தை வந்த பிறகுதானே அவர் தூங்கினாரு" என்றான் தொந்தியப்பன்.

"திரும்பவும் பிரிச்சுக் கொடுக்கா" என்றாள் சிங்காரி.

"பிரிக்கிறதா? இனி இந்த வாயால ஒரு கொட்டாங்குச்சியைக் கூடப் பிரிக்க மாட்டேன்" என்றாள் வெடுக்கி. "ஒருத்தரோட ஒருத்தர் பேசாதீங்க. சேர்ந்து சாப்பிடாதீங்க. கல்யாணத்துக்கு ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடாதீங்க. எனக்கென்ன? நாளைக்கு அந்தியில அவன் மரத்துல இருக்கணும், நீ பாசியில இருக்கணும், இவ எருமை மேல இருக்கணும். அவ்வளவுதான் என் பேரம்."

மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று திசையில் போனார்கள். ஆனால் மறுநாள் அந்தியில் மூவரும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். இன்னமும் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. மடுவரசருக்கோ தூக்கம் கெட்டதே இல்லை.

ஆகவே, பலர் கூடிச் செய்த ஒன்றிலிருந்து என் பங்கு என்று வெட்டி எடுத்துக்கொண்டு போகிறவன் கையில் மிஞ்சுவது பங்கு அல்ல, யாருக்கும் உதவாத ஒரு துண்டு.