ராஜாவின் பள்ளியறைச் சன்னல்

முன்னொரு காலத்தில், வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஒரு நாட்டைக் கடம்பவர்மன் என்னும் ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு எல்லாச் செல்வமும் இருந்தது. ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது தலைமாட்டில் வைத்திருந்த தங்க வெற்றிலைப் பெட்டி மட்டும் இல்லை. சன்னல் திறந்து கிடந்தது.

அந்த அரண்மனையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. செங்கோல் பிடிக்கும் கை தாழ்ப்பாளைத் தொடக் கூடாது. ராஜா உறங்கும் அறைக்குள் வேலைக்காரனும் நுழையக் கூடாது. ஆகவே பள்ளியறையின் கதவுக்கும் சன்னலுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. தினமும் வெளியிலிருந்து அதைப் போடுவதற்கும் எடுப்பதற்கும் செல்லாண்டி என்று ஓர் ஊழியன் இருந்தான். அவன் அப்பனும் அதே வேலையைத்தான் செய்தான்.

பிரதானி அனந்தப்பர் உடனே தீர்ப்புச் சொன்னார். "மகாராஜா, இந்தத் தாழ்ப்பாளைத் தொடுகிறவன் செல்லாண்டி ஒருவன்தான். ஆகவே கள்ளனும் அவன்தான்."

"மகாராஜா, நான் இரவு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் போனேன்" என்று அழுதான் செல்லாண்டி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அவன் வலது கையை வெட்டுவது என்று முடிவாயிற்று. அவனைச் சிறையில் போட்டார்கள்.

பிறகு ராஜா சபையைப் பார்த்துக் கட்டளையிட்டார். "எமக்கு ஒரு சன்னல் வேண்டும். காற்று வர வேண்டும், நிலவு வர வேண்டும், கள்ளன் மட்டும் வரக் கூடாது."

அனந்தப்பர் மூச்சு விடாமல் வேலை வாங்கினார். ஆனைச் சங்கிலியை உருக்கிச் செய்த கம்பிக் கதவு ஒன்று, அதற்கு வெளியே தேக்கு மரக் கதவு ஒன்று, இரண்டுக்கும் யாளி முகம் வைத்த பித்தளைத் தாழ்ப்பாள்கள். எல்லாம் வழக்கப்படி வெளிப்பக்கம்.

வியாழக்கிழமை ராஜா வந்து பார்த்தார். "அற்புதம்! எறும்பு நுழையுமா இதில்?"

"எறும்பின் நிழல்கூட நுழையாது" என்றார் அனந்தப்பர்.

பக்கத்தில் நின்ற விகடன் இடும்பன் சன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான், வெளியே எட்டிப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அரண்மனையே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று வாய் திறக்காதது ராஜாவுக்கு உறுத்தியது.

"என்ன இடும்பா, சன்னல் எப்படி?"

"கள்ளனுக்கு ரொம்பப் பிடிக்கும் மகாராஜா."

தளபதி கோளரி மீசையை முறுக்கினார். அவருக்கும் பிரதானிக்கும் இடும்பனைக் கண்டால் ஆகாது. ராஜா சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் தங்கள் கணக்கிலிருந்து கழிவதாக இருவரும் எண்ணினார்கள்.

"அடே விகடா! வாய்ச்சொல் யாருக்கு வேண்டும்?" என்றார் அனந்தப்பர். "மகாராஜாவின் முத்திரை மோதிரம் இந்த அறையில் இருக்கட்டும். இந்தச் சன்னல் வழியாக அதை எடுத்துக் காட்டு பார்ப்போம். பட்டப் பகலில், கம்பியை அறுக்காமல், சுவரைத் தோண்டாமல். முடியாவிட்டால் செல்லாண்டியின் கையோடு உன் கையும் போகும்."

"எடுத்துவிட்டால்?"

"செல்லாண்டியின் கை அவனுக்கே" என்றார் ராஜா.

இடும்பன் தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான். "சம்மதம். ஆனால் மோதிரத்துக்குத் தக்க காவல் வேண்டும். மகாராஜாவும் பிரதானியாரும் தளபதியாரும் உள்ளேயே அமர்ந்து காவல் காக்க வேண்டும்."

கரும்பு தின்னக் கூலி கிடைத்ததுபோல் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அனந்தப்பர் காவலர்களைக் கூப்பிட்டு, "இவன் எல்லார் குரலிலும் பேசும் பயல். சபையில் நம் எல்லாரையும் போல் பேசிக் காட்டுகிறவன். என் குரல் கேட்டாலும், தளபதி குரல் கேட்டாலும், மகாராஜாவின் குரலே கேட்டாலும், மாலை முரசு கொட்டும்வரை கதவைத் திறக்காதீர்கள். சன்னல் வழியாக எவன் உள்ளே நுழைந்தாலும் பிடித்துக் கட்டுங்கள்" என்றார்.

மூவரும் உள்ளே போனார்கள். கதவு வெளியே தாழிடப்பட்டது.

இடும்பன் தோட்டத்துக்கு வந்து, சன்னலின் தேக்குக் கதவை மெல்லச் சாத்தினான். சன்னலோரம் நின்ற காவலன் ஈட்டியை நீட்டினான்.

"இடும்பரே, என்ன செய்கிறீர்?"

"சன்னலைச் சாத்துகிறேன். கள்ளன் வந்துவிட்டால்?"

"அதுவும் சரிதான்" என்று காவலன் ஈட்டியை எடுத்துக்கொண்டான். இடும்பன் யாளித் தாழ்ப்பாள்களைப் போட்டுவிட்டு மாமர நிழலில் அமர்ந்தான்.

சித்திரை மாதம். உச்சிப் பொழுது. அறை இருண்டது, பிறகு அடுப்பானது. தளபதி கோளரி கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்ற ஓர் ஆள் வேண்டும். பிரதானிக்கு அது பழக்கமில்லை.

உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது. "காவலா! நாம்தான். கதவைத் திற!"

வெளியே காவலர்கள் வியந்துபோனார்கள். "ஆகா! அச்சு அசல் மகாராஜாவின் குரல்! இடும்பர் இடும்பர்தான்!"

"முட்டாளே, நான் அனந்தப்பன்!"

"அடடா! அந்த மூக்கால் பேசுவதுகூட அப்படியே வருகிறதே!"

கதவு திறக்கவில்லை. அந்த இருட்டில் ராஜா எழுந்து, சன்னலைக் கையால் தடவினார். அவர் பிறந்த நாள் முதல் தாழ்ப்பாள் என்ற பொருளைத் தொட்டதில்லை. இன்று தேடினார். கம்பியைத் தடவினார், மரத்தைத் தடவினார், சுவரைத் தடவினார். தம் அறையை உள்ளிருந்து திறக்கும் வழி ஒன்றுகூட அதில் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு சன்னலைத் தட்டினார்.

"யாரது?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"உன் ராஜா."

"எல்லாக் கள்ளனும் அப்படித்தான் சொல்வான். அடையாளமாக முத்திரை மோதிரம் ஏதாவது உண்டா?"

"கொடுக்காதீர்கள் மகாராஜா!" என்று முனகினார் அனந்தப்பர்.

"கொடுத்துத் தொலையுங்கள் மகாராஜா!" என்று அலறினார் கோளரி. "நான் கவசத்துக்குள் வெந்துகொண்டிருக்கிறேன்!"

தேக்குக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. கம்பி இடுக்கு வழியாக ராஜாவின் கையே மோதிரத்தை வெளியே நீட்டியது. இடும்பன் அதைப் பணிவோடு வாங்கிக்கொண்டு சன்னலை அகலத் திறந்தான். அடுத்து, கதவருகே இருந்த காவலர்களிடம் போய் மோதிரத்தைக் காட்டினான். முத்திரையைக் கண்ட பிறகே அவர்கள் கதவைத் திறந்தார்கள்.

மூவரும் நனைந்த கோழிகளாக வெளியே வந்தார்கள். அனந்தப்பர் தொண்டையைச் செருமினார். "இது திருட்டு அல்ல மகாராஜா. தாங்களாகவே கொடுத்தீர்கள்."

"சன்னல் வழியாக வந்ததா இல்லையா?" என்று கேட்டான் இடும்பன். "கம்பி அறுந்ததா? சுவர் இடிந்ததா? மகாராஜா, கம்பி தடிமனாக இருக்கிறது, மரம் உறுதியாக இருக்கிறது. ஆனால் தாழ்ப்பாள் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்தில் நிற்பவனுடையது அறை. இன்று அது என்னுடையதாக இருந்தது. அன்றைக்கு வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுபோனவனுடையதாக இருந்தது. அவனுக்குச் செல்லாண்டியின் உதவி எதற்கு? கையை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தால் போதுமே. தாழ்ப்பாள் உள்ளே இருக்கட்டும்; கதவின் கீலும் உள்ளே இருக்கட்டும். கம்பிக்குக் கதவு வேண்டாம், கல்லுக்குள் இறக்கிவிடச் சொல்லுங்கள். அப்புறம் எறும்பைப் பற்றி யோசிக்கலாம்."

"வழக்கம் என்னாவது? செங்கோல் பிடிக்கும் கை..." என்று தொடங்கினார் அனந்தப்பர்.

"அந்தக் கை இன்று சுவரெல்லாம் தாழ்ப்பாளைத் தேடியது பிரதானியாரே. எனக்கு வெளியே கேட்டது."

ராஜா தம் உள்ளங்கையில் ஒட்டியிருந்த தேக்குத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செல்லாண்டியை அழைத்து வாருங்கள்" என்றார்.

அவன் வந்து கும்பிட்டு நின்றான். இரண்டு கையும் சேர்ந்து கும்பிட்டதை இடும்பன் கவனித்தான்.

"செல்லாண்டி, உன்மேல் குற்றமில்லை" என்றார் ராஜா. "சிறையில் மிகவும் துன்பப்பட்டாயோ?"

செல்லாண்டி யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன்.

"பெரிதாக ஒன்றும் இல்லை மகாராஜா. ஏறக்குறையத் தங்கள் பள்ளியறை மாதிரிதான். அங்கேயும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்."

அனந்தப்பர் கண்ணை மூடிக்கொண்டார். கோளரியின் கவசம் கிணுகிணுத்தது. ராஜா செல்லாண்டியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கேட்டாயா இடும்பா! இத்தனை வருஷம் நாம் சிறையில் தூங்கியிருக்கிறோம், காவலுக்குச் சம்பளமும் கொடுத்து!"

முத்திரை மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டார். செல்லாண்டிக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. அரண்மனைத் தாழ்ப்பாள்களையெல்லாம் உள்பக்கம் மாற்றும் வேலையை அனந்தப்பருக்குக் கொடுத்தார்கள். அதை மேற்பார்வை பார்க்கும் வேலை செல்லாண்டிக்கு.