சுதேசிப் பறவையின் வயிறு

மேகலாபுரி ராஜ்யத்தில் மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு, அரிசிக்குப் பஞ்சம் வந்ததுண்டு. பெருமைக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. தளவாய் மார்த்தாண்டன் பறக்கும் பறவை ஒன்றைச் செய்து முடித்த பிறகோ, கேட்கவே வேண்டாம்.

மரத்தில் செய்த பெரிய பறவை. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்து, எதிரி கோட்டைக்கு மேலே போய்த் தீச்சட்டியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பலாம். "அலகு முதல் வால் வரை நம் நாட்டிலேயே செய்தது" என்று தளவாய் சபையில் மார்தட்டினார். ராஜா வீரபூபதி தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். சபை முழுக்கக் கைதட்டியது. அரண்மனை விதூஷகன் பூவலிங்கம் மட்டும், "அலகும் வாலும் சரி, வயிறு?" என்று கேட்டுவைத்தான்.

கேட்டது வினையாகிவிட்டது. நம் பறவையையே சந்தேகப்படுகிறவன் துரோகி என்றார் தளவாய். அதோடு விட்டாரா? வரப்போகும் படையெடுப்பில் முதல் பறவையில் இவனையே ஏற்றி அனுப்பினால் சந்தேகம் தெளிந்துவிடும் என்று ராஜாவுக்கு யோசனை வேறு சொன்னார். ராஜாவுக்கு அடுத்தவர் யோசனை எதுவானாலும் பிடிக்கும். சொந்த யோசனை என்று ஒன்று அவருக்கு வந்து பழக்கமில்லை. சரி என்று தலையாட்டிவிட்டார்.

பறக்கப்போகிறவனுக்கு எதில் பறக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? பூவலிங்கம் நேரே பறவைக் கொட்டகைக்குப் போய், வயிற்றுப் பலகையைத் திறக்கச் சொன்னான். உள்ளே இரும்பில் ஒரு விசைப்பெட்டி. அது சுழன்றால்தான் சிறகு அடிக்கும். பெட்டியின் மேல் மேகலாபுரியின் மயில் முத்திரை பளபளவென்று ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தான். அடியில் கோட்டைமலை ராஜ்யத்தின் புலி முத்திரை.

படையெடுப்பே கோட்டைமலை மேல்தான். ராஜாவுக்கும் தளவாய்க்கும், சாகப்போகிற தனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அது. பெட்டி நின்றுபோனால் கோட்டைமலைக்கே அனுப்ப வேண்டும், இங்கே அதைத் திறக்கக்கூட ஆளில்லை என்றார்கள் கொட்டகைக்காரர்கள்.

தளவாயிடம் போய் நின்றான். அவர் வெற்றிலையை மென்றபடி, "பறவையில் எவ்வளவோ இருக்கிறதப்பா. அது ஒரு சின்னச் சாமான். அதை மட்டும் வெளியில் வாங்குகிறோம்" என்றார். இன்னும் சில பெட்டிகள் கேட்டு ஆள் அனுப்பியிருப்பதாகவும், போருக்குள் வந்துவிடும் என்றும் சொன்னார். எதிரியிடமே கை நீட்டிவிட்டு மீசையை முறுக்குகிற மனிதரிடம் என்ன பேசுவது? ராஜாவிடம் சொல்லலாம் என்றால், போட்ட மாலையைத் திரும்ப வாங்க அவருக்கு வெட்கமாக இருக்கும். சொன்னவன் தலையை வாங்குவது அதைவிடச் சுலபம்.

அதனால் பூவலிங்கம் வேறொன்று கேட்டான். மேகலாபுரியில் ஒரு வழக்கம் உண்டு. படை கிளம்பும் முன் ராஜா பல்லக்கில் நடு ஆற்றுக்குப் போய், எதிரியின் பெயரை உரக்கச் சொல்லி, வாளைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். அதுவரை அந்தப் பெயர் வெளியே வரக் கூடாது. "திரும்பி வருவேனோ மாட்டேனோ, அந்தச் சடங்குக்குச் சுதேசிப் பல்லக்கு ஒன்று செய்து தருகிறேன் மகாராஜா" என்றான். ராஜா மகிழ்ந்துபோனார்.

சடங்கு நாளும் வந்தது. நம்மூர் வேங்கை மரம், நம்மூர்த் தறிப் பட்டு, உச்சியில் மயில் கொடி. தளவாயே தடவிப் பார்த்து மெச்சினார். தூக்க வந்தவர்களோ தேக்குக் கட்டை போல ஆட்கள். அவர்கள் நடந்த நடையில் ராஜாவின் கையிலிருந்த பால் கிண்ணம் தளும்பவில்லை. முழங்கால் ஆழத்தில் நடு ஆறு வந்ததும் ராஜா வாளை உருவி, கோட்டைமலை மீது போர் என்று முழங்கினார்.

பல்லக்கு நின்றது. முன்னால் நின்றவன் திரும்பி, "எந்த ஊருங்க சாமி?" என்றான். ராஜா இன்னும் உரக்கச் சொன்னார்.

"எங்க ஊருங்களா?"

அவன் மற்றவர்களைப் பார்த்தான். கொஞ்சமும் குலுங்காமல் பல்லக்கை ஆற்றுக்குள்ளேயே இறக்கிவைத்தார்கள். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கரையேறிவிட்டார்கள். பட்டு மெத்தை மெதுவாக நனைந்தது. ராஜாவும் நனைந்தார்.

"பூவலிங்கம், யாரடா இவர்கள்?" என்று பல்லக்கோடு நடந்துவந்தவனைக் கேட்டார்.

"கோட்டைமலைக்காரர்கள் மகாராஜா. தூக்குவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை."

"சுதேசிப் பல்லக்கு என்றாயே."

"மரம் நம்முடையது, பட்டு நம்முடையது, கொடி நம்முடையது. தோள் மட்டும்தான் அங்கிருந்து. அது சின்னச் சாமான் மகாராஜா, தளவாயைக் கேளுங்கள். பறவையின் வயிற்றிலும் அதே ஊர்ச் சாமான்தான் இருக்கிறது."

ராஜா கரையில் நின்ற தளவாயைப் பார்த்தார். தளவாய் ஆற்றைப் பார்த்தார்.

"இறக்கிவைக்கச் சொல்லி அவர்களுக்கு நீதானே சொல்லிக் கொடுத்தாய்?" என்றார் ராஜா.

"நான் வாயே திறக்கவில்லை. போர் யார் மேல் என்று மகாராஜாதான் சொன்னீர்கள். தங்களுக்காவது கீழே தண்ணீர் இருந்தது. நடுவானில் பெட்டி நின்றால் எனக்குக் கீழே கோட்டைமலைக்காரன் ஈட்டி இருக்கும்."

குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சில தலைகளும் வேலை செய்யும் போலிருக்கிறது. நம் பட்டறையில் விசைப்பெட்டி செய்யும் வரை பறவையும் இல்லை, போரும் இல்லை என்றார் ராஜா. தளவாய் கழுத்து முத்துமாலை பூவலிங்கத்தின் கழுத்துக்கு வந்தது.

சரி, ராஜாவை யார் தூக்குவது? அன்று சபையில் மார்தட்டியவரும் கைதட்டியவர்களும் கரையில்தானே நின்றார்கள். எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. தளவாய்க்கு மூச்சு வாங்கியது. பல்லக்கு வாத்து போல ஆடி ஆடிப் போயிற்று. ராஜாவின் கிரீடம் கூரையில் இடித்துக்கொண்டே வந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, ஏனடா இப்படி ஆடுகிறது என்று கேட்டார்.

பக்கத்தில் நடந்துவந்த பூவலிங்கம் கைகட்டிச் சொன்னான்: "பொறுத்துக்கொள்ளுங்கள் மகாராஜா. இப்போதுதான் பல்லக்கு முழுக்க நம் நாட்டுச் சரக்கு."

ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்கு இன்னும் ஆடியது.