மெதுவாக நடப்பவர்களின் பெயர்கள்

"டீச்சர், அந்த லிஸ்ட்ல பேய் இருக்குன்னு சொல்றாங்க" என்றார் தணிகாசலம்.

"நீங்க என்ன சொல்றீங்கண்ணே?" என்று கேட்டாள் நப்பின்னை.

"நர்ஸ்தான் தப்பு பண்ணியிருக்காங்கன்னு சொல்றேன்."

தணிகாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. மென்பொருளுக்குத் திரைகள் வடிவமைக்கிறவர். நப்பின்னைக்கு முப்பத்துநான்கு. அந்தத் திரைகளில் மனிதர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கிறவள். சின்னவளிடம் பாடம் கேட்க அவருக்கு வெட்கமில்லை. தன் வேலையில் குறை இருக்கும் என்று நம்பத்தான் மனம் வராது.

ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கு அவர் ஒரு பட்டியல் செய்து கொடுத்திருந்தார். அவசரமானவர் பெயரை மவுஸால் அழுத்திப் பிடித்து இழுத்து மேலே விடலாம்; விரலை எடுத்த இடத்தில் பெயர் நின்றுவிடும். பிடித்த பெயரைத் திரையின் மேல் ஓரத்துக்கோ கீழ் ஓரத்துக்கோ கொண்டுபோனால் பட்டியல் தானாகவே உருளும். சத்தம் கிடையாது. நிச்சயமா என்ற கேள்வி கிடையாது. அந்த அமைதியில் அவருக்கு ஏகப் பெருமை.

வெளியே நர்ஸ் பியூலா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடை பார்த்து பெஞ்சில் உட்கார வைப்பார். உள்ளே மெஷினுக்கு வேறொருவர் அதே பட்டியலைப் பார்த்து மேலிருந்து வரிசையாக அழைப்பார்.

மூன்று வாரத்தில் நான்கு பெயர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிக்குப் போயிருந்தன. நான்காவது பெயர் குருவம்மாள். மாலைவரை காத்திருந்து பெஞ்சிலேயே இறந்துபோனார்.

"பேய்னு ஏன் சொல்றாங்க?"

"லிஸ்ட் தானா அடிக்கு ஓடிக் கிடக்குதாம். அதுலயும் நல்லா நடக்கிறவங்க பேர் நகர்றதே இல்லையாம். தடுமாறி நடக்கிறவங்க பேர் மட்டும் போகுதாம். யார் சாகப் போறாங்கன்னு லிஸ்ட்டுக்குத் தெரியுதுங்கிறாங்க."

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நாலும் பியூலா லாகின்லதான் நகர்ந்திருக்கு. அதை எழுதி நான் கையெழுத்துப் போட்டா அவங்க வேலை போயிடும். ஆஸ்பத்திரியில சாயங்காலத்துக்குள்ள கேட்கிறாங்க."

"போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நான் நகர்த்தவே இல்லன்னு பிள்ளை மேல சத்தியம் பண்றாங்க."

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

பியூலா மேசையில் உட்கார்ந்திருந்தார். கை மவுஸ் பக்கமே போகவில்லை.

"கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி எப்படிம்மா கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள் நப்பின்னை.

பியூலா பழைய நோட்டை விரித்து, ஒரு பெயரின் மேல் விரலை அழுத்தி வைத்தார்.

"இப்படி வெச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன் மேடம். ஆள் உள்ள வர்ற வரைக்கும் விரலை எடுக்க மாட்டேன். எடுத்தா வரி தப்பிடும்."

"இப்பவும் அப்படித்தானா?"

"இருபது வருஷப் பழக்கம்."

நப்பின்னை அவரை எழுப்பிவிட்டு தணிகாசலத்தை உட்கார வைத்தாள். குருவம்மாள் இறந்த நாளின் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்துத் திரையில் திறந்தாள். முதல் வரியில் அந்தப் பெயர்.

"கூப்பிடுங்கண்ணே. பியூலா மாதிரியே."

"செத்தவங்களையா?"

"கூப்பிடுங்க."

மவுஸைப் பெயரின் மேல் கொண்டுபோய் விரலை அழுத்தினார். வாசல் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உடம்பைத் திருப்பிக் கூப்பிட்டார்.

"குருவம்மாள்!"

நடைபாதை வெறிச்சென்று கிடந்தது.

"எங்க வந்துட்டிருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் நப்பின்னை.

"சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவாங்க மேடம்" என்றார் பியூலா. "நேரம் ஆகும்."

தணிகாசலம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சுவரில் உள்ளங்கை உரசுகிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப திரையைப் பாருங்க."

திரும்பினார். முதல் வரியைக் காணோம். அவர் கை மேசை விளிம்புவரை வழுக்கி வந்திருந்தது. பட்டியல் அடிவரை உருண்டு கிடந்தது. கடைசி வரிக்கும் கீழே, அவர் அழுத்தியிருந்த விரலில், குருவம்மாளின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டாங்கன்னு வெச்சுக்குங்க. இனி விரலை எடுக்கலாம்ணே."

அவர் எடுக்கவில்லை.